பந்தை ஏந்தி ஓடாத ஐந்து பேருக்காக ஒரு மடல்

அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம்களை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் டெக்சஸில், டாலஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். உங்கள் விளையாட்டுகளைப் பல வருடங்களாக ஆடி வருகிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஒரு மேட்ச் ஆடினால்தான் தூக்கம் வரும் என்கிற அளவுக்குப் பழக்கம். இதைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் மனதில் இருப்பதை எனக்குத் தமிழில்தான் முழுசாகச் சொல்ல வரும். உங்கள் குழுக்களில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார், அவர் பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் எடுத்துச் சொல்லுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது.

எழுத வைத்தது என் மகன். உயர்நிலைப் பள்ளி அணியில் அவன் லெஃப்ட் கார்டு. இந்த ஆட்டம் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: தாக்கும் அணியில் 11 பேர், அதில் ஐந்து பேர் முன்வரிசை. அதை லைன் என்பார்கள், அதில் நிற்கிறவன் லைன்மேன். நடுவில் இருப்பவன் சென்டர், அவன்தான் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் அனுப்புகிறவன். அவனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கார்டு, அதற்கு வெளியே ஒவ்வொரு டேக்கிள். சென்டரைத் தவிர மற்ற நால்வர் மேட்ச் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகலாம், பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள். எதிரே வருகிறவனைத் தடுத்து, பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிய நேரம் வாங்கிக் கொடுப்பதும், ஓடுகிறவனுக்கு வழி திறந்து விடுவதும்தான் அவர்கள் வேலை.

போன வருடம் புது விளையாட்டு வாங்கினோம். எந்த விளையாட்டு என்று பெயர் வேண்டாம். அதில் நாமே ஒரு வீரனை உருவாக்கி வளர்க்கும் பகுதி இருக்கிறது. மகன் உற்சாகமாக உட்கார்ந்து உயரம், எடை, முகம், தாடி எல்லாம் வைத்தான், தன்னுடைய சட்டை எண்ணையே போட்டான். அப்புறம் எந்த இடத்தில் ஆடப்போகிறாய் என்று கேட்கும் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே போனான், கீழிருந்து மேலே வந்தான். குவார்ட்டர்பேக் இருக்கிறது, பந்தை ஏந்தி ஓடுகிறவன் இருக்கிறது, பிடிக்கிறவன் இருக்கிறது, டிஃபென்ஸில் ஒன்றிரண்டு இருக்கிறது. “நம்ம பொசிஷன் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு கன்ட்ரோலரை என் கையில் கொடுத்து, வீட்டுப்பாடம் செய்யப் போய்விட்டான். அவன் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். வியர்வை நெற்றியில் வழிகிறது, புல் பெயர்ந்து காலணியில் ஒட்டுகிறது, சாயங்கால வெயில் மேல்தட்டு இருக்கைகளில் விழுவதுகூட அந்த ஊர் ஸ்டேடியத்தில் எப்படி விழுமோ அப்படியே விழுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி டிவியைப் பார்த்து நிஜ மேட்ச் என்று நினைத்துக்கொண்டு ஸ்கோர் கேட்டிருக்கிறார். ஆனால் ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் வந்ததும், கண்ணை அந்த ஐந்து பேர் மேல் வைத்துப் பாருங்கள். நிஜம் அங்கேதான் உடைகிறது. இத்தனை வருடமாக நானும் பந்தையே பார்த்துக்கொண்டு இருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை. மகன் லைனில் ஆட ஆரம்பித்த பிறகுதான், பள்ளி மேட்ச் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் பந்தை விட்டுவிட்டு அந்த ஐந்து பேரை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு உங்கள் விளையாட்டு வேறு மாதிரி தெரிகிறது.

இந்த இடத்தில் பயிற்சியாளராக இருந்த ஜான் மேடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரைத் தாங்கிய விளையாட்டுதான் இந்தத் துறைக்கே தாய்வீடு. 1984இல், விமானத்தில் ஏற மாட்டாத மேடனோடு ரயிலில் கூடவே பயணம் செய்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸும் அவருடைய ஆட்களும் பேசினார்கள். அன்றைய கணினியில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பேரைத்தான் ஓட வைக்க முடியும் என்ற நிலைமை. மேடன் ஒத்துக்கொள்ளவில்லை, பதினோரு பேரும் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை, என் பெயரைப் போடாதீர்கள் என்ற பிடியில் நின்றார். அதனால் நாலு வருடம் இழுத்து, 1988இல்தான் ஆப்பிள் 2 கணினிக்கு முதல் விளையாட்டு வந்தது. இது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. நான் கேட்பது ஒன்றுதான்: பதினோரு பேரை ஏழாகக் குறைத்தால் யார் வெளியே போயிருப்பார்கள்? எறிகிறவனை எடுக்க முடியாது, பிடிக்கிறவனை எடுக்க முடியாது. லைன்மேன்கள்தான் போயிருப்பார்கள்.

மேடனே ஒரு லைன்மேன். கல்லூரியில் டேக்கிளாக ஆடியவர். 1958இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது, முழங்கால் போய்விட்டதால் ஒரு மேட்ச்கூட ஆடாமலே முடிந்துபோனது. பிறகு 1969 முதல் 1978 வரை ஓக்லண்ட் ரெய்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளர். அவருடைய அணியின் இடது பக்கத்தில் டேக்கிளாக ஆர்ட் ஷெல், கார்டாக ஜீன் அப்ஷா, இரண்டு பேரும் பின்னால் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். 1977 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது சாம்பியன் யார் என்று முடிவாகும் கடைசி மேட்சில், மின்னசோட்டாவை ரெய்டர்ஸ் 32-14 என்று வென்றது, அந்த இரண்டு பேருக்குப் பின்னால் ஓடி ஓடித்தான். அன்றைக்கு ஓட்டத்தில் மட்டும் 266 கெஜம். பிற்காலத்தில் டிவியில் பேசும்போதும் திரையில் கோடு போட்டுக் காட்டி, எல்லோரும் பந்தைப் பார்க்கும் நேரத்தில் லைன்மேன் என்ன செய்தான் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லித் தந்தவர் அவர். அவர் அடம்பிடித்துக் கொண்டுவந்த அந்த நாலைந்து பேர் இன்றைக்கும் திரையில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, நிஜத்தில் அங்கே என்ன நடக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எனக்கு வரவேற்பறையில் காட்டினான். சோஃபாவைத் தள்ளிப் போட்டுவிட்டு என்னை எதிரே நிற்க வைத்தான். முதல் அடி ஒரு ஜாணுக்கு மேல் போகக் கூடாது என்றான். பெரிய அடி வைத்தால் ஒரு கால் காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது, அந்தக் கணத்தில் எதிராளி தொட்டாலே சாய்ந்துவிடுவோம். அப்புறம் கை. இரண்டு கட்டைவிரலும் மேலே பார்க்க, என் நெஞ்சில், அக்குளுக்கு உள்பக்கமாக அவன் உள்ளங்கைகளை வைத்தான். நான் வெளியிலிருந்து அவன் தோளைப் பிடித்தேன். அவன் அழுத்தினான், நான் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் மோதினேன். என் எடை அவனை விட அதிகம். “கை யாருது உள்ள இருக்கோ அவன்தான் ஜெயிப்பான்பா” என்றான். கை உள்ளே, இடுப்பு கீழே, முதுகு நேராக. ஒவ்வொரு ஸ்நாப்பிலும் அந்த நெஞ்சுக்கு நேரே இருக்கும் ஒரு சாண் இடத்துக்காக நாலு கைகள் சண்டை போடுகின்றன. அவன் விரல் முட்டிகளில் எப்போதும் டேப் சுற்றியிருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உங்கள் விளையாட்டில் அந்தக் கைச்சண்டை இல்லை. இரண்டு உருவம் ஒரு அளவுக்கு நெருங்கியதும் காந்தம் போல ஒட்டிக்கொள்கிறது, ஏற்கெனவே பதிவு செய்து வைத்த ஒரு அனிமேஷன் ஓடுகிறது, இரண்டு பேருடைய ரேட்டிங் எண்ணையும் வைத்து யார் வென்றது என்று உள்ளே முடிவாகிவிடுகிறது, நாம் பார்ப்பது அந்த முடிவுக்குப் போட்ட படம் மட்டுமே. 2012இல் இயற்பியல் எஞ்சின் என்று ஒன்று வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஓடுகிறவன் மேல் விழுகிற அடி அதற்குப் பிறகு நன்றாகவே மாறியது, மறுக்க மாட்டேன். லைனில் மட்டும் இன்னும் காந்தம்தான்.

இதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. என்.எஃப்.எல்., அதாவது இந்த ஆட்டத்தின் பெரிய தொழில்முறை லீக், அதன் வீரர்களின் தோள்கவசத்துக்குள் ஒரு சின்ன சில்லு இருக்கிறது, ஒருவன் எங்கே இருக்கிறான், என்ன வேகத்தில் போகிறான் என்பதை அது வினாடிக்குப் பத்து முறை சொல்கிறது. அந்தத் தரவை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தியதால்தான் இன்றைக்கு உங்கள் ரிசீவர்கள், அதாவது எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்கள், நிஜ ஆட்களைப் போலத் திரும்புகிறார்கள், நிற்கிறார்கள், மறுபடி வேகம் எடுக்கிறார்கள். ஆனால் கார்டு ஒருவன் ஒரு ஸ்நாப் முழுக்க மூன்றடிச் சதுரத்துக்குள்ளேயே உயிரைக் கொடுத்துப் போராடுகிறான். அந்தச் சில்லுக்கு அவன் சும்மா நிற்கிறான். கை எங்கே இருந்தது, இடுப்பு எவ்வளவு கீழே இருந்தது என்று அதற்குத் தெரியாது. அளக்க முடிந்தது நிஜமாகிவிட்டது, அளக்க முடியாதது பொம்மையாகவே நின்றுவிட்டது. நல்ல லைன் கோச்சுகள் நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரு வாரம் உங்கள் அறையில் உட்கார வைத்து, வீடியோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாட்டில் அந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்த ஊரிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருக்கிறார்.

இன்னொன்று, ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது. எதிரணியின் இரண்டு பேர் ஸ்நாப் ஆனதும் ஒருவனுக்குப் பின்னால் ஒருவன் குறுக்கே போய் இடம் மாறுவார்கள், ஸ்டன்ட் என்பார்கள். அப்போது கார்டு தன் ஆளைப் பின்தொடர்ந்து போனால் கெட்டது, டேக்கிளோடு மோதிக்கொள்வான், நடுவில் பெரிய வாசல் திறந்துவிடும். தன் ஆளை இடுப்பில் ஒரு தள்ளு தள்ளிப் பக்கத்து டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே வருகிற புது ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். இது அரை வினாடி வேலை. பேச நேரம் இல்லை, பக்கத்தில் இருப்பவன் தோள் தன் தோளில் உரசுவதை வைத்தே தெரிந்துகொள்வார்கள். மகனும் அவனோடு ஆடும் டேக்கிளும் ஆகஸ்ட் வெயிலில் இதையே மறுபடி மறுபடி செய்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் காயத்தில் உட்கார்ந்து, பதிலாக இன்னொருவன் வந்த வாரம், அவன் தனியாக நல்ல பலசாலியாக இருந்தும், இடது பக்கமே சல்லடையாகிப் போனது. உங்கள் விளையாட்டில் ஐந்து தனித்தனி எண்கள் இருக்கின்றன. பத்து மேட்ச் சேர்ந்து ஆடிய இரண்டு பேருக்கும் நேற்று வந்து சேர்ந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? அணியை வருடக்கணக்கில் நடத்தும் பகுதியில் இது ஒன்று வந்தாலே, டேக்கிளை விற்று ரிசீவரை வாங்கும்போது ஒரு நிமிடம் யோசிப்போம்.

குவார்ட்டர்பேக் பக்கமும் இதோடு சேர்ந்ததுதான். நிஜத்தில் அவர் ஸ்நாப்புக்குப் பின் எத்தனை அடி பின்வாங்குவார் என்பது டேக்கிளுக்கு முன்கூட்டியே தெரியும். ஏழெட்டு கெஜ ஆழத்தில் அவர் நிற்பார் என்ற கணக்கில்தான் டேக்கிள் தன் ஆளை ஒரு வளைவில் வெளியே ஓட்டிக்கொண்டு போகிறான். ஆன்லைனில் எதிரே ஆடுகிறவர் என்ன செய்கிறார்? பந்து வந்ததும் இருபது கெஜம் பின்னால் ஓடி, அங்கிருந்து திரும்பி, குறுக்கே, ஒற்றைக்காலில் நின்று, மைதானத்தின் மறுகோடிக்கு எறிகிறார், பந்து போய்ச் சேருகிறது. அப்படி ஓடினால் டேக்கிள் தள்ளிக்கொண்டு போகும் ஆள் நேராக அவர் முதுகில்தான் போய் விழ வேண்டும். கோணத்தைச் சரியாக வையுங்கள், அந்த ஓட்டம் தானாக நின்றுவிடும், தனியாகத் தண்டனை எதுவும் வைக்க வேண்டாம். பெரும்பாலான பந்துகள் ஸ்நாப்பிலிருந்து மூன்று வினாடிக்குள் கையை விட்டுப் போய்விடுகிற ஆட்டம் இது. அந்த அவசரம் என் கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும்.

ஹோல்டிங் பற்றி எழுதியே ஆக வேண்டும். தோற்கப் போகிற லைன்மேன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பது, அதற்கு 10 கெஜம் அபராதம். உங்கள் விளையாட்டில் ஹோல்டிங் வருகிறது, ஆனால் திருவிழாச் சீட்டு விழுவது போல வருகிறது. ரீப்ளே போட்டுப் பார்த்தால் யாரும் யாரையும் பிடித்திருக்கவில்லை. நிஜத்தில் அது காரணமில்லாமல் வருவதே இல்லை, கால் பிந்தியவன்தான் கையை நீட்டுகிறான்.

2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அட்லாண்டா 28-3 என்று முன்னால் இருந்து நியூ இங்கிலாந்திடம் தோற்ற மேட்ச். பேசுகிறவர்கள் எல்லாம் நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியையும், தரையில் விழ இருந்த பந்தை அவர் அணியின் எடல்மன் பிடித்ததையும்தான் பேசுவார்கள். நான் மகனோடு சேர்ந்து அதை மறுபடி பார்த்தபோது அவன் நிறுத்திக் காட்டிய இடம் வேறு. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது, அட்லாண்டா 28-20 என்று முன்னால், அவர்களுடைய ரிசீவர் ஹூலியோ ஜோன்ஸ் கோட்டோரத்தில் ஒரு அபாரமான பந்தைப் பிடித்து அணியை எதிரணியின் 22 கெஜக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்று முறை சும்மா ஓடிவிட்டு ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி, எடுத்திருந்தால் கதை கிட்டத்தட்ட முடிந்தது. முதல் ஓட்டத்தில் ஒரு கெஜம் போனது. அடுத்ததில் பந்தை எறியப் போய் அட்லாண்டாவின் குவார்ட்டர்பேக் மேட் ரயன் கீழே தள்ளப்பட்டார், 12 கெஜம் போனது. அதற்கடுத்து ஒரு நல்ல பாஸ், ஆனால் இடது டேக்கிள் ஹோல்டிங், அந்தப் பாஸும் செல்லாது, இன்னும் 10 கெஜம் பின்னால். ஃபீல்டு கோல் தூரமே கைவிட்டுப் போனது. அப்புறம் நியூ இங்கிலாந்து தன் 9 கெஜக் கோட்டிலிருந்து 91 கெஜம் நடந்து போய்ச் சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது.

அந்தச் சாம்பியன்ஷிப்பைத் திருப்பியதில் லைனில் நடந்த அந்த இரண்டு ஸ்நாப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது: அன்றைக்கு நியூ இங்கிலாந்து ஆடியது 93 ப்ளே, அதாவது ஸ்நாப்பில் தொடங்கும் தனித்தனி முயற்சிகள், அட்லாண்டா 46. அட்லாண்டாவின் டிஃபென்ஸ் எதிரணியை விட இரண்டு மடங்கு ப்ளேக்கு மைதானத்தில் மூச்சு வாங்கியது. கூடுதல் நேரத்தில் அவர்களைப் பாருங்கள், கை இடுப்பில், வாய் திறந்தபடி, ஸ்நாப்புக்கு முன் தரையில் கை ஊன்றுவதற்கே ஒரு கணம் பிந்துகிறார்கள். முதல் பாதியில் பிரேடியைத் துரத்தித் துரத்தி அடித்த அதே ஆட்கள்.

களைப்பு என்பதை நீங்கள் காலடியில் ஒரு பச்சைப் பட்டையாக வைத்திருக்கிறீர்கள். இரண்டு ப்ளே வெளியே உட்கார்ந்தால் அது நிரம்பிவிடுகிறது. அப்படி இல்லை என்று எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வான். வேகம் குறைவது கடைசியில் வருவது, அதற்கு முன்னாலேயே செய்முறை கெட்டுப்போகிறது. இடுப்பு மேலே ஏறும், முதல் அடி சோம்பும், உள்ளே போக வேண்டிய கை வெளியே போகும், வெளியே போன கை சட்டையைப் பிடிக்கும், ரெஃபரியின் மஞ்சள் கொடி விழும். களைப்பையும் கையையும் ஹோல்டிங்கையும் இப்படி ஒரே சங்கிலியாகக் கட்டிவிட்டால் சீட்டுக் குலுக்கவே தேவையில்லை. நாலாவது குவார்ட்டரில் என் லெஃப்ட் கார்டு நிமிர்ந்து நிற்க ஆரம்பித்துவிட்டான் என்று பார்த்து, நான் அந்தப் பக்கம் ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும். எதிரே ஆடுகிறவரும் அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஆள் அனுப்ப வேண்டும். அந்தக் கவலையோடு நான் ஆட ஆசைப்படுகிறேன்.

பார்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு நீங்கள் தருவது மேலே பறந்து பின்னாலிருந்து பார்க்கும் கண், அதனால் இருபத்திரண்டு பேரும் எனக்குத் தெரிகிறார்கள். நிஜக் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் இருப்பது ஆறரை அடி உயரச் சுவர். ட்ரூ ப்ரீஸ் ஆறடிதான், லைன்மேன்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் பார்த்துப் பார்த்தேதான் அத்தனை வருடம் எறிந்தார். 2005இல் மேடன் 06இல் பார்வைக் கூம்பு என்று ஒன்று கொண்டுவந்தீர்கள். குவார்ட்டர்பேக் பார்க்கும் திசையில் ஒரு வெளிச்சம் விழும், அதற்கு வெளியே எறிந்தால் பந்து தப்பும். ஆடுகிறவர்கள் திட்டினார்கள், பிறகு அதை எடுத்துவிட்டீர்கள். யோசனை சரியானது, கையில் அதைத் திருப்புவதுதான் தொல்லையாக இருந்தது. இப்போது செய்தால் கூம்பு வேண்டாம். லைன்மேன்களின் முதுகு மறைக்கிற ரிசீவரின் மேலே இருக்கும் பட்டன் அடையாளம் மங்கட்டும், நான் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து இடுக்கைப் பிடித்தால் தெளியட்டும். அப்போது லைன் நன்றாகத் தடுப்பதன் அருமையும் தெரியும், ஏனென்றால் நகர இடம் கொடுப்பதே அவர்கள்தான்.

சத்தம். கன்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் ஸ்டேடியத்தில் 2014இல் 142.2 டெசிபெல் பதிவானது. அந்த இரைச்சலில் குவார்ட்டர்பேக் கத்துவது சென்டருக்கே கேட்காது. அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா, கார்டு தலையைத் திருப்பிக் கால்களுக்கு இடையே பின்னால் பார்த்துக்கொண்டு இருப்பான், குவார்ட்டர்பேக் காலைத் தூக்கிக் காட்டியதும் சென்டரை ஒரு தட்டுத் தட்டுவான், சென்டர் ஒரு கணம் கழித்துப் பந்தை அனுப்புவான். டேக்கிள்களுக்கு எதுவும் கேட்காது, பந்து அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும், அதனால் அரைக்கணம் பிந்துவார்கள், எதிராளிக்கு அந்த அரைக்கணமே போதும். சத்தம் வந்தால் திரை நடுங்குவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டு, அந்த அரைக்கணப் பிந்தல், அது வர வேண்டும். என் மகன் பள்ளியில் அந்தத் தட்டைத் தட்டுகிறவன், அவனுக்கு அதில் பெரிய பெருமை.

பனியும் மழையும் வருடாவருடம் அழகாகிக்கொண்டு வருகிறது, குறை சொல்ல மாட்டேன். 2017 டிசம்பரில் பஃபலோவில் நடந்த மேட்சைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் செய்யுங்கள்: இண்டியானாபொலிஸின் வினாட்டியரி 43 கெஜத்திலிருந்து கூடுதல் புள்ளிக்கு உதைக்கும் முன்னால், கூட ஆடுகிறவர்கள் காலால் பனியை ஒதுக்கி, அவருக்கு நிற்க ஒரு இடம் செய்து கொடுத்தார்கள். அதை எனக்குத் திரையில் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை ஒரு அப்பாவாகக் கேட்கிறேன். 90களின் தொடக்கத்தில் வந்த ஒரு மேடன் விளையாட்டில் காயம் பட்டவனைத் தூக்க ஆம்புலன்ஸ் வந்து வழியில் நிற்பவர்களை இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். அப்போது யாரும் தலைக்காயத்தைப் பற்றி யோசிக்காத காலம். 2011இல் மேடன் 12இல் அது மாறியது, தலையில் அடிபட்டவன் அந்த மேட்சில் மறுபடி வர மாட்டான் என்று வைத்தீர்கள். அன்றைக்கு அதைச் செய்தவர்களுக்கு நன்றி. இப்போது இன்னும் ஒரு படி போங்கள். தலையில் அடிபட்டவன் நிஜத்தில் விழுந்து கிடக்கிறது குறைவு. எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று கட்டைவிரலைக் காட்டி, அடுத்த ப்ளேக்கு வரிசையில் வந்து நிற்கிறான். போன சீசனில் மகனோடு ஆடும் ஒரு பையன் அப்படித்தான் நின்றான். தவறான பக்கத்தில் போய் நின்றான், மகன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் விட்டான், அப்புறம் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி ரெஃபரியைக் கூப்பிட்டான். கோச் ஓடி வந்து அவனை வெளியே கூட்டிப்போனார். பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

என்.எஃப்.எல்.லில் 2015 முதல் மேலே உட்கார்ந்து இதற்காகவே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், யாராவது தடுமாறுவது தெரிந்தால் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லலாம். அது உங்கள் விளையாட்டில் வரட்டும். என்னுடைய ஆள் ஒருவன் வரிசையில் தப்பான இடத்தில் போய் நிற்கட்டும், அதைப் பார்த்து டைம்அவுட் கேட்கிற பட்டன் என் கையில் இருக்கட்டும். நான் பார்க்காமல் விட்டால் மேலே இருந்து விசில் வரட்டும். வீட்டில் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் பதினாலு வயதுப் பையன்கள் நிறையப் பேர் அடுத்த நாள் காலையில் நிஜ ஹெல்மெட் போடுகிறவர்கள். நண்பன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு அங்கிருந்தும் பழகட்டும்.

இதெல்லாம் சுலபம் என்று நான் சொல்லவில்லை. வருடம் தவறாமல் ஒரு விளையாட்டு வெளியே வர வேண்டும், பத்து மாத வேலை, அதில் வீரர் அட்டைகள் விற்கிற பகுதிக்கு ஆள் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது, நானும் மென்பொருள் வேலைதான் செய்கிறேன். 2020இல் ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து அணியை நடத்தும் பகுதியைச் சரிசெய்யச் சொல்லி இணையத்தில் குரல் எழுப்பியபோது நீங்கள் காது கொடுத்தீர்கள், கொஞ்சமாவது மாறியது. அதனால்தான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கேட்கவில்லை. கையிலிருந்து தொடங்குங்கள், நெஞ்சுக்கு நேரே இருக்கும் அந்த ஒரு சாண் இடத்திலிருந்து. அந்தப் பட்டியலில் கார்டு, டேக்கிள், சென்டர் என்று மூன்று வார்த்தையைச் சேருங்கள், பந்தே வராத ஒரு இடத்தில் ஆட யார் ஆசைப்படுவார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

அடுத்த ஆகஸ்ட்டிலும் வாங்குவேன். மேட்ச் எதுவும் ஆடுவதற்கு முன்னால் பயிற்சிப் பகுதிக்குப் போய், கேமராவை லெஃப்ட் கார்டுக்குப் பின்னால் இறக்கி, எதிரணியை ஸ்டன்ட் போட வைத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பேன். மகனையும் பக்கத்தில் உட்கார வைப்பேன். அந்தக் கார்டு தன் ஆளை இடுப்பில் தள்ளி டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, புது ஆளுக்காக உள்பக்கம் திரும்புகிறானா என்று நாங்கள் இரண்டு பேரும் பார்ப்போம்.

அன்புடன்,
ஒரு லெஃப்ட் கார்டின் அப்பா